ஊழியர்கள் "சரி" என்கிறார்கள், ஆனால் வேலை வேறு மாதிரி முடிகிறது. எங்கே தவறு?

கேள்வி:
5 பேராக இருந்த நிறுவனம் இப்போது 12 பேர். வேலை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் சொல்லப்படுகிறது. எல்லோரும் "சரி" என்று போடுகிறார்கள். ஆனால் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. தவறு நடந்ததே வாடிக்கையாளர் கூப்பிட்டுக் கேட்கும்போதுதான் தெரிகிறது. தினமும் ஒரு மணி நேரம் மீட்டிங் வைத்தால் சரியாகுமா?

பதில் 1:
ஆகாது. 12 பேரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் 12 மணி நேர வேலை போச்சு. 5 பேருக்குள் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10தான். 12 பேருக்குள் 66. முன்பு பக்கத்தில் பேசுவது காதில் விழுந்தே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இப்போது யாராவது சொன்னால்தான் தெரியும்.

இரண்டு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை வையுங்கள். காலையில் நின்றபடியே 10 நிமிடம்: இன்று எது முடியும், எது எங்கே மாட்டியிருக்கிறது. அவ்வளவு போதும். பிறகு பொறுப்பாளரைத் தாண்டி நீங்களே நேரடியாக வேலை சொல்லாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டு தடவை அப்படிச் செய்தால் அவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

பதில் 2:
"சரி" என்பதற்குப் "பார்த்துவிட்டேன்" என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. 1977இல் ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில், கே.எல்.எம். என்ற டச்சு நிறுவனத்தின் விமானி "டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்றார். விமானங்களுக்கு அனுமதி தரும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து "ஓகே" என்று பதில் வந்தது. விமானம் கிளம்பத் தயாராக நிற்கிறது என்று கோபுரம் நினைத்தது. விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. ஓடுபாதையில் இருந்த, பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானத்தில் மோதி 583 பேர் இறந்தார்கள். இன்று ஓடுபாதை அனுமதி கிடைத்தால் விமானி அதைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்களும் அப்படித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "பார்சலைச் சீக்கிரம் அனுப்பிடுங்க" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு "சீக்கிரம்" இருக்கும். "புதன் மாலை 4 மணிக்குள் 40 பெட்டி. ஒவ்வொன்றிலும் பில் நகல். பொறுப்பு: (ஒருவர் பெயர்). தாமதமானால் மதியம் 12க்குள் சொல்லவும்" என்று எழுதுங்கள். குழுவில் பொதுவாகப் போட்டால் யாரோ செய்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். ஒருவர் பெயர் கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்:
திருப்பிச் சொல்லச் சொன்னால், சின்னப் பிள்ளையாக நடத்துவதாக நினைக்க மாட்டார்களா?

பதில் 3:
"புரிந்ததா, சொல்லுங்க பார்க்கலாம்" என்றால் நினைப்பார்கள். "நான் தெளிவாகச் சொன்னேனா தெரியவில்லை, முதலில் எதை எடுக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். சோதனை உங்கள் சொல்லுக்கு, அவர்களுக்கு இல்லை.

தவறு வாடிக்கையாளர் சொல்லித் தெரிகிறது என்றீர்களே, அதுதான் பெரிய கவலை. உள்ளே யாருக்கோ முன்பே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த கே.எல்.எம். விமானத்திலும் ஃப்ளைட் இன்ஜினியர், பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். கேப்டன் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார்; இன்ஜினியர் மறுபடி கேட்கவில்லை. கெட்ட செய்தி கொண்டு வருபவரிடம் முதல் ஒரு நிமிடம் நீங்கள் காட்டும் முகத்தைத்தான் மற்ற 11 பேரும் கவனிப்பார்கள். "முன்னாடியே சொன்னீங்க, நல்லது" என்று தொடங்கி, அடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். யார் தவறு என்பதைத் தனியாக, பிறகு பேசலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர்களுடன் தனித்தனியாக 30 நிமிடம் ஒதுக்குங்கள். "ஏதாவது பிரச்சினையா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இந்த வேலை வியாழனுக்குள் முடியாமல் போனால் எதனால் போகும்?" என்று கேட்டுப் பாருங்கள்.