கிளாடியேட்டர் சண்டையைக் கேலி செய்யும் கார்ட்டூன்: எட்டு வயது மகளுக்கு என்ன சொல்வது?

கேள்வி (ஈரோடு, ஒரு தாய்)

வணக்கம். விடுமுறையில் என் மகள் பார்த்த கார்ட்டூனின் ஓர் அத்தியாயம் முழுவதும் பண்டைய ரோமில் மக்கள் பார்க்க வீரர்கள் ஆயுதமேந்தி மோதிய கிளாடியேட்டர் சண்டைகளைக் கேலி செய்வதாக இருந்தது. பேரரசர் திராட்சை தின்றபடியே கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டுகிறார். வலையும் திரிசூலமும் ஏந்திய பூனை தன் வலையிலேயே சிக்கி உருள்கிறது. சிங்கமோ எலி வீரனின் காலை நக்குகிறது. விழுந்து விழுந்து சிரித்தவள், இரவு படுக்கும்போது, “ஏனுங்ம்மா, தோத்தவங்களை நெசமாவே கொன்னுருவாங்களா? அதுக்குமா சனங்க கை தட்டுவாங்க?” என்று கேட்டாள். இதில் எவ்வளவு உண்மை, எதுவரை சொல்லலாம் என்று விவரமறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (பல்லடம், வரலாற்று ஆசிரியர்)

வலை வீரன் கற்பனையல்ல. ரெட்டியாரியஸ் எனப்பட்ட அவனை எதிர்த்து நின்றவன் செக்யூட்டர். வலை மாட்டிக்கொள்ளாதபடி அவனுடைய தலைக்கவசம் மழமழவென்று உருண்டையாக, கண்களுக்கு இரண்டு சிறு துளைகள் மட்டும் கொண்டதாக இருந்தது. விலங்குகளோடு மோதியவர்கள் வேறு பிரிவினர். கார்ட்டூன் இரண்டையும் கலந்துவிட்டது. தோற்றவனைக் கொல்லச் சொல்லக் கட்டைவிரலைத் திருப்பும் வழக்கம் பழைய நூல்களில் உண்டென்றாலும், எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பது அவற்றில் தெளிவாக இல்லை; நாம் பார்த்துப் பழகிய கீழ்நோக்கிய விரலைப் பரப்பியது ழெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் 1872இல் முடித்த ஓவியம்.

தோற்றவர் அனைவரும் கொல்லப்படவில்லை என்பதை மகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். சிசிலியில் கிடைத்த ஃபிளம்மா என்ற செக்யூட்டரின் கல்லறைக் கல்வெட்டு, அவன் 34 முறை போரிட்டு 21 முறை வென்றான், 9 முறை சமனாக முடித்தான், 4 முறை தோற்றும் உயிரோடு விடப்பட்டான் என்கிறது. அவன் இறந்தபோது வயது 30. ஒரு வீரனை வளர்த்துப் பழக்க உரிமையாளருக்குப் பெருஞ்செலவானதும் இந்த இரக்கத்துக்கு ஒரு காரணம். ஆனால், கூட்டம் கை தட்டியதும் உண்மையே. அதை மறைக்க வேண்டாம்.

பதில் 2 (கோபிசெட்டிபாளையம்)

ஆசிரியர் கூறியவற்றை ஏற்கிறேன்; எனினும், என் கவலை வேறு. எலி வீரன் தானே விரும்பிக் களத்தில் குதிப்பதாகக் காட்டுவதுதான் இத்தகைய கேலியில் எனக்கு உறுத்துகிறது. களத்தில் நின்றவர்களில் தாமாகச் சேர்ந்தவர்களும் உண்டென்றாலும், பெரும்பாலோர் அடிமைகள், போர்க் கைதிகள், தண்டனை பெற்றவர்கள். கி.மு. 73இல் கப்புவா நகரப் பயிற்சிக்கூடத்திலிருந்து ஸ்பார்ட்டகஸும் எழுபதுக்கு மேற்பட்டவர்களும் தப்பினார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்தவை சமையற்கட்டுக் கத்திகளும் இறைச்சி சுடும் கம்பிகளுமே. அந்தக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட கொடுமையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். தப்பிய கதையை எட்டு வயதுப் பிள்ளை தாராளமாகத் தாங்கும்.

பதில் 3 (கோவை, வெள்ளலூர் அருகில்)

எங்கள் ஊரில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் முகங்கள் உள்ளன. படத்தைக் காட்டினால், “இவர்தான் அந்த ராஜாவா?” என்று மகள் நிச்சயம் கேட்பாள். இல்லை என்றே சொல்லுங்கள்: டைபீரியஸுக்கு இத்தகைய கேளிக்கைகளில் நாட்டமில்லை, அவர் கி.பி. 37இல் இறந்துவிட்டார், ரோமின் பெரிய சண்டை அரங்கமான கொலோசியமோ கி.பி. 80இல்தான் திறக்கப்பட்டது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சமையற்கட்டுக் கத்திகளின் கதையை நேற்றே சொல்லிவிட்டேன். வென்றவருக்கு என்ன கிடைக்கும் என்று இப்போது கேட்கிறாள்.

பதில் 1

பனையோலை போன்ற வெற்றிக் கிளையும் பணமும் கிடைக்கும். விடுவிக்கப்படுபவருக்கு மரத்தாலான வாள் ஒன்றைத் தருவார்கள். அதைப் பெற்றவர் மீண்டும் களத்தில் இறங்க வேண்டியதில்லை. அப்படி விடுபட்ட சிலர் பயிற்சிக்கூடத்திலேயே ஆசிரியர்களாகத் தங்கிவிட்டார்கள்.