வாலடிலிட்டி: அலைவா, தளம்பலா?

வணக்கம். முதுகலை வணிகவியல் பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. கேரி டிரேடு பற்றிய பகுதி: வட்டி குறைந்த யென்னில் கடன் வாங்கி, வட்டி கூடிய மெக்சிகோ பெசோவில் போடுவது. சந்தை அமைதியாக இருக்கும்வரை வட்டி வித்தியாசம் லாபமாகச் சேரும். வாலடிலிட்டி (volatility, விலை மாற்றத்தின் வேகமும் அளவும்) கூடினால் பல மாத லாபம் சில நாளில் போய்விடும். அதை 'ஏற்ற இறக்கம்' என்று எழுதினால், விலை ஏறி இறங்கியது மட்டுமே மாணவர்களுக்குப் புரிகிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு பெரிது என்பது வரவில்லை. சொல் தாருங்கள்.

— வணிகவியல் ஆசிரியை

அலைவு. 'வு' விகுதி பெற்ற தொழிற்பெயர். அலை, அலைச்சல், அலைக்கழிவு எல்லாம் ஒரே வேர். அலைதலிலிருந்து கடலலை வந்ததா, கடலலையிலிருந்து அலைதல் வந்ததா என்பதைத் தனி இழையில் பேச வேண்டும். குறிப்பில் ஆங்கிலச் சொல் மட்டும் வேண்டாம் அம்மா.

— புலவர்

இலங்கையில் 'தளம்பல்' என்போம். நாணயமாற்று வீதத் தளம்பல் என்றால் சாதாரண வாசகருக்கும் விளங்கும். நீங்கள் 'நிறைகுடம் தளும்பாது' என்கிறீர்களே, அதே சொல்தான்.

— கொழும்பு

இரண்டுமே முன்னும் பின்னும் ஆடுவதைத்தான் சொல்கின்றன ஐயா. 2024 ஜூலைத் தொடக்கத்தில் டாலர் 161 யென்னுக்கு மேல் இருந்தது. ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 5 அன்று டாலர் 142 யென் அளவுக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் ஒரே திசை! கடனை அடைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் யென் வாங்கியதால் அதன் மதிப்பு இன்னும் ஏறியது. போக்கைப் பின்தொடர்கிறவருக்கு, அதாவது விலை போகும் திசையிலேயே வாங்கி விற்பவருக்கு, இப்படி நீளும் நகர்வு லாபம். விலை அங்குமிங்கும் ஆடினால் அவருக்கே நட்டம். இரண்டிலும் வாலடிலிட்டி உயர்வாகவே இருக்கலாம். அளப்பது திட்ட விலக்கத்தால் (standard deviation, சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) என்பதால் 'சிதறல்' என்பதே சரி. புள்ளியியலில் ஏற்கெனவே இருக்கிறது.

— நிதித்துறை

சிதறல் என்றால் பிள்ளைகள் கண்ணாடி உடைந்ததாக நினைப்பார்கள். அப்புறம் இயற்பியலில் ஒளிச்சிதறல் வேறு இருக்கிறது.

— புலவர்

சரி, நேரமில்லை. கொழும்பு நண்பர் சொன்னபடி 'தளம்பல்' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் வாலடிலிட்டியும் பக்கத்தில் இருக்கும். மன்னிக்கவும் புலவர் ஐயா.

— வணிகவியல் ஆசிரியை

திட்ட விலக்கம் வரும் பக்கத்திலாவது 'விலைச்சிதறல்' என்று ஒருமுறை எழுதுங்கள்.

— நிதித்துறை