நெல் அறை மச்சு தொய்ந்திருக்கிறது: பிரிப்பதா, காப்பாற்றுவதா?

கேள்வி (பள்ளத்தூர்)
பங்காளிகள் யாரும் குடியில்லாமல் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கிற வீடு. முகப்பும் வளவும் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) உறுதியாக இருக்கின்றன. ரெண்டாம் கட்டில் நெல் கொட்டி வைத்த அறைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ்: மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்ட மச்சு. அதன் தேக்குச் சட்டங்களில் இரண்டு, சுவரை ஒட்டித் தொய்ந்துவிட்டன. மாடியில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. மொத்தமாகப் பிரித்து கான்கிரீட் போடலாம் என்கிறார் கொத்தனார். அதுவரை ஒழுகாமல் இருக்க மேலே சிமெண்ட் பூசலாமா?

சுண்ணாம்பு வேலை, காரைக்குடி
பூசாதீங்க அண்ணே. சிமெண்ட் வெயிலில் மயிரிழையாக வெடிக்கும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் திரும்பக் காய வழியில்லாமல் சட்டத்தின் தலைக்கு, அதாவது சுவருக்குள் இருக்கும் முனைக்கு, போய்ச் சேரும். மழைத் தண்ணீர் வெளியேறும் தூம்பை முதலில் பாருங்க, பெரும்பாலும் அடைப்பு அங்கேதான். அரசங்கன்றைப் பிடுங்கினால் செங்கல்லும் கூடவே வரும். அடியோடு அறுத்து, வெட்டிய முகத்தில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு எடுங்க.

தச்சு வேலை, கண்டனூர்
மாடியில் ஆள் ஏறுவதற்கு முன் கீழே முட்டுக் கொடுக்கணும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு உத்திரம், அதன்கீழ் ஜாக்கி. தொய்வை ஒரே நாளில் தூக்கி நேராக்கப் பார்க்காதீங்க. குத்துக்கல்லாக நிறுத்திய செங்கல் உதிரும். பிறகு சட்டத்தின் தலையில் ஸ்குரு டிரைவரால் குத்துங்க. தேக்கின் வைரப்பகுதியை (உள்ளே இருக்கும் முற்றிய மரத்தை) கரையான் எளிதில் தொடாது, ஆனால் சுவருக்குள் ஈரத்திலேயே கிடந்தால் அதுவும் மக்கும். நல்ல மரம் வரை அறுத்து, பழைய தேக்கிலேயே துண்டு சேர்த்து, இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போடலாம். தலையைக் கல்லின் மேல் உட்காரவைத்து, சுற்றிலும் அரை அங்குலம் காற்றோட இடம் விடுங்க. காரை அடைத்து மூடினால் மறுபடி மக்கும்.

கேள்வி கேட்டவர்
சரி, பிரிக்கவில்லை. மேல்தளக் கலவை என்ன அளவு?

சுண்ணாம்பு வேலை, காரைக்குடி
முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி 32 கன அடிக்கு நீர்த்த சுண்ணாம்பு பன்னிரண்டரை கன அடி. மணல் கிடையாது. ஜல்லியை நன்றாக நனைத்துவிட்டுக் கலக்கணும். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தூம்பை நோக்கி வாட்டம் வைத்துப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்தபடி மரக்கட்டையால் அடிக்கணும். கட்டை பட்ட இடம் பள்ளம் விழாமல் கட்டை எகிறினால்தான் அடி போதும். அதன்மேல் தட்டோடு. ஐப்பசி அடைமழைக்கு முன் அவசரமாகச் செய்யாதீங்க, தை பிறக்கட்டும். இந்த மழைக்குத் தார்ப்பாய் போதும்.