பிறை வீட்டுக் குடும்பம் குழு, சனிக்கிழமை இரவு

மல்லிகா அத்தை: தினேஷ், அப்பாவை எங்கே கூட்டிப்போனாய்? காலையிலிருந்து போன் எடுக்கவில்லை. இப்போது எடுத்து "ஷெட்டுக்குப் போயிருந்தேன்" என்கிறார். ரயில்வே வேலையை விட்டபிறகு ஏது எஞ்சின் ஷெட்? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தினேஷ்: ஐயோ அத்தை, பயப்படாதீர்கள், மறதி எல்லாம் இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீன அங்கிள் வீட்டுத் தோட்டத்தில் தன் கையாலேயே தண்டவாளம் போட்டுக் குட்டி நீராவி ரயில் ஓட்டுகிறார். எஞ்சின் வைக்கும் தகரக் கொட்டகையைத்தான் தாத்தா ஷெட் என்கிறார்.

சித்தப்பா: பேட்டரிதானே?

தினேஷ்: இல்லை சித்தப்பா, அசல் நீராவி. லைட்டருக்கு அடைக்கும் பியூட்டேன் வாயுதான் அடுப்பு, பாய்லருக்கு மழைத்தண்ணீரை வடிகட்டி ஊற்றுகிறார். பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் பிரஷர் ஏறிவிடுகிறது, அப்புறம் இருபது நிமிடம் போல ஓட்டம். தண்ணீர் தீருமுன் வாயு தீரும்படிதான் அளவு வைத்திருக்கிறதாம், இல்லையென்றால் பாய்லர் காய்ந்து வீணாகிவிடும்.

கவிதா: தண்டவாளம் எவ்வளவு அகலம்?

தினேஷ்: 45 மில்லிமீட்டர். நம் மலேசிய ரயில் பாதை 1 மீட்டர், அதை 22.5 மடங்கு சிறிதாக்கினால் கிட்டத்தட்ட அதே 45 வருகிறது, இதை அங்கிள் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். தோட்டம் சரிவு, ஆனால் பாதை முழுக்க மட்டம், அதனால் ஒரு பக்கம் தரையோடு போகிறது, மறுபக்கம் என் இடுப்பு உயரத்துக்கு சிமெண்டுக் கல் தூண்கள் மேல். உள்ளே டிரைவர் இல்லையே, மேடு வந்தால் திணறும், இறக்கத்தில் பிய்த்துக்கொண்டு ஓடும். முதலில் மரக்கட்டை போட்டாராம், கறையான் தின்றுவிட்டது, இப்போது அடிக்கட்டை எல்லாம் பிளாஸ்டிக்.

மல்லிகா அத்தை: தண்டவாளம் இருக்கட்டும், அப்பா என்ன செய்தார்?

தினேஷ்: அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. எஞ்சின் கிளம்பியதும் புகைபோக்கியிலிருந்து வெந்நீராகத் துப்பியது, அங்கிள் நிறுத்திவிட்டு இங்கும் அங்கும் குடைந்துகொண்டிருந்தார். தாத்தா எழுந்து போய் "சிலிண்டர் செஜோக் லா", சில்லென்று இருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டு, கையால் நாலு முறை முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினார். உள்ளே குளிர்ந்து நின்ற தண்ணீர் போனதும் ஜம்மென்று ஓடியது. அப்புறம் அங்கிள் அவரை விடவே இல்லை.

கவிதா: பின்னே, வருடக்கணக்காகக் கரி அள்ளிப் போட்டவராயிற்றே

சித்தப்பா: கரி இல்லை கவிதா. அவர் 1962-இல் ரயில் எஞ்சினில் நெருப்பைக் கவனிக்கும் பயர்மேனாகச் சேரும்போது எஞ்சின் எல்லாம் எண்ணெய்க்கு மாறியிருந்தது, பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தையே 1960-இல் மூடிவிட்டார்கள். நானும் பள்ளியில் கரி என்று கட்டுரை எழுதி அவரிடம் திட்டு வாங்கியவன்தான்.

கவிதா: வீடியோவில் புகையே தெரியவில்லையே?

தினேஷ்: நடுப்பகல் வெயில், வெளியே வந்த உடனே ஆவி மறைந்துவிடுகிறது. மழை விட்ட சாயங்காலம் வந்தால் வெள்ளையாகப் பார்க்கலாம் என்றார். வீடியோவின் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்காதீர்கள்.

சித்தப்பா: பார்த்துவிட்டேன். இரண்டு பெட்டி பூச்செடிக்குள் கிடக்கிறதே?

தினேஷ்: நீராவியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை அங்கிள் என்னிடம் கொடுத்தார், நான் கொஞ்சம் தாராளமாகத் திறந்துவிட்டேன், வளைவில் கவிழ்ந்தது. "உன்னை ஷண்டிங்குக்குக்கூட எடுக்க மாட்டார்கள்" என்று தாத்தா எல்லோர் முன்னாலும் சொன்னார், ஸ்டேஷனில் பெட்டிகளை இழுத்து மாற்றும் வேலைக்குக்கூட லாயக்கில்லையாம்.

மல்லிகா அத்தை: அவர் சட்டையில் அது என்ன கறை? தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்ததுதானே?

தினேஷ்: சிலிண்டருக்கு விடும் கெட்டி எண்ணெய், ஆவியோடு சேர்ந்து தெறிக்கிறது. அலசினேன், போகவில்லை. அவர் அதை முகர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் என்ன செய்வது?

மல்லிகா அத்தை: சரி, அடுத்த சனி நானும் வருகிறேன். கவிதா, ஈடிஎஸ் ரயில் டிக்கெட் பார். காலை வண்டியாக இருக்கட்டும்.

கவிதா: இரண்டு சீட்டா? நானும் வருகிறேன் மா

தினேஷ்: அத்தை, தாத்தா பக்கத்தில்தான் இருக்கிறார். வரும்போது பழைய பனியன் இரண்டு எடுத்து வரச் சொல்கிறார், எஞ்சின் துடைக்க. புதுசு வேண்டாமாம், பஞ்சு ஒட்டுமாம்.