பைரவனை இணைக்கு விடலாமா?

வாட்ஸ்அப் குழு: பெரிய வீடு, சுங்கை சிப்புட்

சனிக்கிழமை

அண்ணன் (காலை 8:12): அனைவருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து எனக்கு வேண்டும். சின்ன மாமாவுக்குப் பழக்கமான லாரிக்காரர் ஒருவர், தம் பெண் அல்சேஷன் நாய்க்கு நம் பைரவனை இணைக்கு விட முடியுமா என்று நேற்று மாலை வீட்டுக்கே வந்து கேட்டார். 600 ரிங்கிட் தருவதாகவும், பணம் வேண்டாமென்றால் குட்டிகளில் நமக்குப் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அது பருவத்துக்கு வந்து, வியாழக்கிழமையிலிருந்து இரத்தம் காட்டுகிறதாம். அதனால் சீக்கிரம் பதில் வேண்டும் என்கிறார்.

சின்ன மாமா (காலை 8:20): மருமகனே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பைரவனுக்கு இரண்டு வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. ஆண் நாய்க்கு ஒருமுறையாவது இணை சேராவிட்டால் குணம் கெட்டுவிடும் என்று தோட்டத்தில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவரிடம் பாதி வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா (காலை 8:41): பெரியவனே, பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். குட்டி ஒன்று கிடைத்தால் போதும். அப்பா தம் கையால் தூக்கி வந்த நாய் இது. அவர் போய் ஒரு வருடமாகியும் அவருடைய சாய்வு நாற்காலிக்கு அடியில்தான் படுக்கிறது. இதற்குப் பிறகு இந்த வீட்டில் இதன் வாரிசு ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் (காலை 9:05): அம்மா, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஈப்போவில் நான் வேலை செய்யும் கால்நடை கிளினிக்கில் பதினோரு ஆண்டுகளாக இதே கேள்வியோடு வருகிறவர்களைப் பார்த்து வருகிறேன் என்பதால், முடிவெடுக்கும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுகிறேன். அந்தப் பெண் நாய்க்கு என்ன வயது? இதற்கு முன் எத்தனை முறை பருவத்துக்கு வந்திருக்கிறது? ஊர் நாய்களோடு வெளியே திரிகிறதா? இரத்தப் பரிசோதனை ஏதாவது செய்திருக்கிறார்களா?

சின்ன மாமா (காலை 9:30): இப்போதுதான் தொலைபேசியில் கேட்டேன். பதினோரு மாதம் ஆகிறதாம், முதல் பருவம் இதுதானாம். பகலில் அவிழ்த்து விடுவார்களாம். பரிசோதனை என்று எதுவும் இல்லை.

நான் (காலை 9:52): மாமா, பதினோரு மாதம் என்றால் அதன் உடம்பே இன்னும் முழுதாக வளரவில்லை. வளர்கிற உடம்பில் அறுபத்து மூன்று நாள் சினையையும், அதன் பிறகு ஏழெட்டுக் குட்டிகளுக்குப் பாலையும் சுமத்துவது அதற்குச் செய்யும் கொடுமை. பெரிய இனங்களில் முதல் பருவத்தை விட்டுவிட்டு, இரண்டு வயதாகி எலும்புகளைப் படம் பிடித்துப் பார்த்த பிறகுதான் சினைக்கு விடுவார்கள். அவிழ்த்து விடுகிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய கவலை. நாய்களுக்கு இணை சேரும்போதே தொற்றிக்கொள்ளும் கட்டி ஒன்று உண்டு. தெருவில் திரியும் நாய்கள் நிறைந்த நம்மைப் போன்ற ஊர்களில் அது சாதாரணமாக வருகிறது. குறியிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் வருகிறது என்று கொண்டு வருவார்கள், வாராவாரம் ஊசி போட வேண்டியிருக்கும். புரூசெல்லா என்ற கிருமியும் இப்படியே பரவும். பெண் நாய்க்குச் சினை கலையும், ஆண் நாய்க்கு விரை வீங்கும், மனிதருக்கும் தொற்றக்கூடும். இரண்டு நாய்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யாமல் இணை சேர்ப்பதற்கு நான் எந்தக் காலத்திலும் சம்மதிக்க மாட்டேன்.

சித்தி (காலை 10:10): இணை சேராவிட்டால் குணம் கெடும் என்பது உண்மையா?

நான் (காலை 10:18): இல்லை சித்தி. இணை சேராத ஆண் நாய் எதையும் இழந்துவிடுவதில்லை. இணை சேர்ந்த பிறகும் ஆண் நாய், எங்கோ ஒரு பெண் நாய் பருவத்தில் இருக்கும் வாடை காற்றில் வந்தாலே சாப்பாட்டை விட்டுவிட்டு வேலியைத் தாண்டப் பார்க்கும். நம் வீட்டுக்கு முன்னால் ஓடுவது கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் லாரிகள் போகிற பெரிய சாலை.

அண்ணன் (காலை 10:40): சரி, பெண் நாய் இளையது என்பதை அவரிடம் சொல்கிறேன். ஆனால் பைரவனிடம் என்ன குறை? அவனுக்கு மலேசிய நாய்வளர்ப்புச் சங்கத்தின் வம்சாவளிச் சான்றிதழ் இருக்கிறதே.

நான் (காலை 10:55): அண்ணா, அந்தச் சான்றிதழ் அவனுடைய முன்னோரின் பெயர்களைச் சொல்கிறது. அவர்களின் இடுப்பெலும்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்லவில்லை. அல்சேஷன் இனத்துக்கு இருக்கும் பெரிய குறையே இடுப்பு மூட்டுதான். நம் பாட்டியின் ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழி ஆழமாக இருந்தால் குழவி அடங்கிச் சுழலும். குழி மேலோட்டமாக இருந்தால் குழவி பக்கங்களில் இடித்து இடித்துக் கல்லே தேயும். தொடையெலும்பின் தலையும் இடுப்புக் குழியும் அப்படித்தான். இது பரம்பரையாக இறங்குவது. குட்டியில் தீனி அதிகமாகி வேகமாகப் பருத்தால் இன்னும் மோசமாகும். வெளியே நன்றாக நடக்கிற நாய்க்குக்கூட உள்ளே குழி சரியில்லாமல் இருக்கலாம் என்பதால், இரண்டு வயதுக்குப் பிறகு மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி எக்ஸ்ரே எடுத்துத்தான் உறுதி செய்வார்கள்.

அண்ணி (காலை 11:26): இதைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டு முன் நடையான அஞ்சடியில் புதிதாகப் பதித்த வழவழப்பான கல்லில் பைரவன் எழுந்திருக்கும்போது, முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துக்கொள்கிறான். பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து வழுக்குகின்றன. மண் தரையில் அப்படி இல்லாததால் கல்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஓடும்போதும் சில நேரம் முயலைப் போல இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்துத் தாவுகிறான். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். காணொளியை இங்கே போட்டிருக்கிறேன்.

நான் (காலை 11:40): மூன்று முறை பார்த்துவிட்டேன். அவன் எழுந்த பிறகு இடது காலில் பாரம் வைக்காமல் ஒரு நொடி தூக்கியே நிற்கிறான். அண்ணா, தயவு செய்து இந்த வாரமே ஈப்போவுக்கு அழைத்து வாருங்கள். இது இணை சேர்ப்பதற்காக மட்டும் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை

சின்ன மாமா (காலை 7:15): இரவெல்லாம் இதே நினைவாக இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்து வீடுகளில் யார் இதையெல்லாம் பார்த்தோம்? நாய்கள் பின்னிக்கொண்டு நின்றால் பிரித்துவிடுகிறோம் என்று வாளித் தண்ணீரை ஊற்றியவர்கள் நாங்கள். அரை மணி நேரம் வரை அப்படி நிற்பது அவற்றின் இயல்பு, இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் காயம் என்று பாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருந்தாலும் கொடுத்த வாக்கு உறுத்துகிறது.

அம்மா (காலை 7:48): தம்பி, வாக்கைப் பற்றிக் கவலைப்படாதே. நேற்றிரவு எனக்கு நம் பழைய நாய் லில்லியின் நினைவு வந்துவிட்டது. பெரியவனுக்கு அப்போது பத்து வயது. எட்டுக் குட்டிகள் போட்டது. வந்து கேட்டவர்களுக்கெல்லாம் ஐந்தாவது வாரத்திலேயே கொடுத்துவிட்டோம். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில், செம்பனை ஆலைக்குப் போகும் மண்சாலையில் இரண்டு குட்டிகள் கிடக்கின்றன என்று யாரோ சொல்ல, அப்பா சைக்கிளில் போய்ப் பிளாஸ்டிக் கூடையில் எடுத்து வந்தார். இரண்டும் இரத்தமாகக் கழிந்துகொண்டிருந்தன. சோற்றுக் கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்தேன். ஒன்று மூன்றாம் நாள் போனது, மற்றது ஐந்தாம் நாள். அதற்குப் பிறகு அப்பா இன்னொரு குட்டி போட வீட்டில் இடமே கொடுக்கவில்லை. நான் அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

நான் (காலை 8:10): அம்மா, அது பார்வோ நோய். ஆறு வாரத்திலிருந்து நான்கு மாதம் வரை விட்டுவிட்டுப் போடும் தடுப்பூசிகள் அதற்குத்தான். இந்த லாரிக்காரர் வீட்டில் ஏழு குட்டிகள் பிறந்தால் நமக்கு ஒன்று வரும். மீதி ஆறு எங்கே போகும் என்பதை நம்மில் யாரும் இன்னும் கேட்கவில்லை. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய் நோய் பரவியபோது பிடித்துக் கொல்லப்பட்டவை இப்படிக் கேட்பாரற்றுத் திரிந்த நாய்களே. நமக்குக் கிடைக்கும் அந்த ஒரு குட்டியும் அப்பாவைப் பார்த்ததில்லை. பைரவன் அந்த நாற்காலிக்கு அடியில் படுப்பது அவரோடு வாழ்ந்ததால் வந்த பழக்கம். அது இரத்தத்தில் இறங்காது அம்மா.

அம்மா (காலை 8:31): தெரியும் பாப்பா. கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது.

அண்ணன் (காலை 9:02): முடிவு இப்போதைக்கு இதுதான். இணைக்கு விடப் போவதில்லை. நானும் மாமாவும் இன்று மாலை லாரிக்காரரை நேரில் பார்த்து, பருவம் முடியும்வரை நாயைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டு வருகிறோம். பைரவனைப் புதன்கிழமை ஈப்போவுக்கு அழைத்து வருகிறேன்.

சின்ன மாமா (இரவு 8:44): போய் வந்தோம். முதலில் முகம் வாடிவிட்டது. இளைய நாய் என்று சொன்னதும் அவருடைய மனைவிதான், நானும் அதைத்தான் சொன்னேன் என்றார். மூன்று வாரம் கொல்லைப்புறம் வலையடித்து அடைத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வலையை நான் வாங்கிக் கொடுக்கிறேன்.

புதன்கிழமை

நான் (பகல் 1:20): எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. வலது பக்கம் பரவாயில்லை. இடது குழி மேலோட்டமாக இருக்கிறது, எலும்பின் தலையில் பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது, விளிம்பில் தேய்மானமும் தொடங்கியிருக்கிறது. அவனை இனி எந்த நாளும் இணைக்கு விடக்கூடாது என்று டாக்டர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். இப்போதைக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. எடை 43 கிலோ இருக்கிறது. அதை 36க்குக் கொண்டு வந்தாலே பாதி வலி குறையும் என்றார்.

அண்ணன் (பகல் 1:34): சாப்பாட்டு மேசையிலிருந்து அவனுக்குப் போகும் ரொட்டி சானாய் இன்றோடு நின்றது. பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்.

அம்மா (பகல் 1:40): கொடுத்தது நான்தான். இனிக் கொடுக்க மாட்டேன்.

அண்ணி (மாலை 6:15): அப்பாவின் நாற்காலியிலிருந்து வாசற்படி வரைக்கும் அஞ்சடியில் ரப்பர் பாய் விரித்திருக்கிறேன். மயக்கம் தெளிந்து சற்று முன் எழுந்தான். கால் வழுக்கவில்லை.