பத்தி இறக்க இடம் விட்ட வீடுகள்: வன்னியில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து, தொடக்கியவர்:

போர் முடிந்து சனம் ஊர் திரும்பின மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஏழெட்டு வருசம் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் வீட்டுத்திட்டங்களுக்குப் படம் கீறினவன் நான். பகுதி பகுதியாகச் செய்து கொண்டுவந்து பொருத்துகிற வீடு, தேவைக்கு ஏற்ப வளர்கிற வீடு என்று இப்போது பலர் விசாரிக்கிறார்கள். அந்தக் கதை எங்களுக்குப் பழக்கமானதுதான். இருக்கிற சுவரோடு ஒட்டிச் சரிவுக் கூரை போட்டு இடம் கூட்டுவதைத்தான் நாங்கள் பத்தி இறக்குவது என்கிறோம்.

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள் என்ற பேச்சு நடந்த நேரம், மாதிரி வீடு பார்க்க யாழ்ப்பாணப் பக்கம் எங்கள் ஊரார் சிலரோடு போனேன். உருக்குச் சட்டம், பூட்டுகிற சுவர். ஒரு வீடு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்றார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம். எங்களோடு வந்த அம்மா ஒருவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சுவரை விரலால் தட்டிப் பார்த்தா. பின்பக்கம் போய் நின்று, "தம்பி, இதில எந்தப் பக்கத்தால பத்தி இறக்கிறது?" என்று கேட்டா. விளக்கம் சொல்ல நின்ற பிள்ளைக்குப் பத்தி என்றால் என்னவென்றே விளங்கவில்லை. அடுத்தது, "அடுப்பு எங்க? புகை எங்கால போகும்?"

அந்தத் திட்டத்துக்கு வெப்பம், துரு, அத்திவாரம் என்று பல எதிர்ப்புகள் வந்தன. எனக்கு அந்த அம்மாவின் முதற் கேள்விதான் வேலையை மாற்றிவிட்டது. வன்னியில் வீடு ஒரேயடியாகக் கட்டி முடிவதில்லை. முதலில் ஒரு அறையும் விறாந்தையும். மகளுக்குக் கலியாணம் பேசினால் இன்னொரு அறை. காலபோக (மாரிப் பயிர்) நெல் வந்தால் மூட்டை அடுக்கப் பின்பக்கத்தால் ஒரு பத்தி. எங்களுக்கு வீட்டின் அலகு பத்திதான். அதை விட்டுவிட்டு அலகு, பொருத்து என்று கீறுவது பிழை என்றே நம்புகிறேன்.

அதன்பிறகு நான் கீறின படங்களில் இரண்டு விசயம் விடாமல் சேர்த்தேன். பின்சுவரில், நாளைக்குக் கதவு வரக்கூடிய இடத்துக்கு மேலே இன்றைக்கே லின்டல் (மேற்சுவரைத் தாங்குகிற கொங்கிரீட் வளை) போட்டுவிடுவது. அதற்குக் கீழே உள்ள கல்லைச் சீமெந்தில் கட்டாமல் மண் சாந்தில் அடுக்கி, மேலால் மட்டும் பூசுவது. அறை சேர்க்கிற நாளில் சுவரை உடைத்து வெடிப்பு வரப்பண்ணத் தேவையில்லை, கல்லைக் கழற்றி எடுத்து அதே கல்லைப் புதுச் சுவருக்குப் போடலாம். இரண்டாவது, பின்சுவரின் உயரம். ஓட்டுக்குச் சரிவு கூட வேண்டும், பத்தடிக்கு ஐந்தடி இறங்கும். எட்டடியில் முடிகிற கூரையில் இருந்து பத்தடி தள்ளி ஓட்டுப் பத்தி இறக்கினால் அங்கால முனை மூன்றடியில் வந்து நிற்கும், ஆடுதான் போகலாம். பின்சுவரைப் பத்தடிக்கு உயர்த்திவிட்டால், சரிவு குறைந்த தகரத்தில் ஆள் நிமிர்ந்து நடக்கிற பத்தி வரும். தகரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்தால் வெக்கையும் அடங்கும்.

சுவரை உயர்த்தக் கூடுதலாக வருகிற கல் வரிசைகளுக்குக் காசு இல்லை என்று ஒரு இடத்தில் என் படத்தை வெட்டினார்கள். அந்தத் தெருவில் இன்றைக்கும் எல்லாப் பத்திக்குள்ளும் குனிந்துதான் போகிறார்கள். அதைப் பார்க்கிற நேரம் மனம் பொறுக்கிறதில்லை.

குமுழமுனையிலிருந்து, மேசன் வேலை செய்பவர்:

நான் மண்கல்லைப் பற்றிச் சொல்லுறன். மண்ணோட கொஞ்சம் சீமெந்து கலந்து கைப் பிரஸில அமத்தி எடுக்கிற கல்லு. பயிற்சி எண்டு கூட்டிக்கொண்டு போன முதல்நாள், மண்வீட்டுக்குத் திரும்பப் போகச் சொல்லுறாங்களோ எண்டு எனக்குக் கோபம். அம்மப்பாவின்ர வரிச்சு வீட்டில பிறந்தவன் நான், கறையான் என்ன செய்யும் எண்டு தெரியும்.

பிறகுதான் விசயம் பிடிபட்டது. எல்லா மண்ணும் சரிவராது. வயல் களிமண்ணில செய்தா காயேக்க வெடிக்கும், மேல்மண்ணைத் தொடவே கூடாது. கிரவல் கலந்த செம்மண் நல்லம். போத்தலுக்குள்ள மண்ணும் தண்ணியும் விட்டுக் குலுக்கி வைச்சா, மணல் அடியில, களி மேல எண்டு பிரிஞ்சு நிக்கும், அதைப் பாத்துத்தான் கலவை. சீமெந்து நூற்றுக்கு அஞ்சில இருந்து எட்டு. அடிச்ச கல்லை நிழலில அடுக்கி, தண்ணி தெளிச்சு, நாலு கிழமை பொறுக்கவேணும். அவசரப்பட்ட இடத்தில மாரிக்கு மூலை கரைஞ்சதை என்ர கண்ணால கண்டன். பொறுத்த இடத்தில பூச்சே இல்லாமல் பத்து மாரி கண்ட சுவர் நிக்குது. சுட வேண்டியதில்லை, அதனால விறகுக்குக் காடு அழியாது. சீமெந்துக் கல்லுக்குத் தேவைப்படுற ஆத்துமணலில பெரும்பங்கும் மிச்சம். 2022இல சீமெந்து விலை ஏறி எல்லாரும் லின்டல் மட்டத்தில நிப்பாட்டின நேரம், பிரஸ் இருந்த ரெண்டு வீட்டுக்காரர் சுவரை முடிச்சுப்போட்டினம்.

எல்லாம் ஒரே அளவுக் கல்லு எண்டதால கூட்டலும் சுகம். பழைய சுவரின்ர முனையில ஒண்டுவிட்டொரு வரி பல்லுப் பல்லா வெளிய விட்டுக் கட்டினா, புதுச் சுவர் அதில போய்ப் பூட்டிக்கொள்ளும்.

விசுவமடுவிலிருந்து ஒருவர்:

ஒண்டை மறந்துட்டியள். 2018 மார்கழி வெள்ளத்தில இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாஞ்ச இரவு, எங்கட வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. பக்கத்து வளவில அத்திவாரம் ரெண்டடி கூட உயர்த்தின வீட்டிலதான் ஒன்பது குடும்பம் விடியும்வரை இருந்தனாங்கள். பத்தி பிறகும் இறக்கலாம், அத்திவாரத்தைப் பிறகு உயர்த்தேலாது.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர்:

எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. மெனிக்பாம் முகாமில தறப்பாளுக்குக் கீழ, பிறகு ஊர் வந்து தகரக் கொட்டிலில, அதுக்குப் பிறகுதான் கல்வீடு. 550 சதுர அடி. நானும் ரெண்டு பிள்ளையளும் அம்மாவும். தம்பி பிறகு வந்து சேர்ந்தான், 2009இல ரெண்டு காலும் போனவன், சக்கர நாற்காலி.

வீடு குடிபுகுந்த அண்டைக்கே தெரிஞ்சுபோச்சு, நாற்காலி அறைக் கதவுக்குள்ளால போகாது. கழுத்தைப் பிடிக்கச் சொல்லித் தூக்கித்தான் உள்ள கொண்டுபோறனான். மலகூடம் வீட்டுக்குப் பின்னால, கோடிப்பக்கம், நடுவில மூண்டு படி. அவன் பின்னேரத்தில இருந்து தண்ணி குடிக்கிறதையே விட்டிட்டான், இரவில என்னை எழுப்பக்கூடாதெண்டு. எனக்கு அது தெரியவர ஒரு வருசம் சென்றது.

பிறகு சீட்டுக்காசு எடுத்து, விறாந்தையின்ர ஒரு பக்கத்தை மறிச்சு அவனுக்கு அறை ஆக்கினன். கதவு மூண்டரை அடி. படிக்குப் பதிலாச் சரிவு, ஒரு அடி உயரத்துக்குப் பன்ரண்டடி நீளம் வேணுமெண்டு மேசன் சொன்னவர், முத்தத்தில பாதி போச்சு. போகட்டும். இப்ப அவன் தானே படலைவரைக்கும் போய் வாறான், சைக்கிள் திருத்துறான். மலகூடத்தை அவன்ர அறையோட சேர்த்துப் பின்பக்கத்தால பத்தி இறக்கவேணும். சுவர் வெடிக்குமெண்டு பயமாயிருக்கு.

ஒட்டுசுட்டானிலிருந்து, தொடக்கியவர்:

அக்கா, காலபோக அறுவடை முடிய நான் வாறன், குமுழமுனை அண்ணையையும் கூட்டிக்கொண்டு. அதுக்கு முதல் பின்சுவரின் உயரத்தை வெளிப்பக்கத்தால, தரையில இருந்து கூரை முட்டுற இடம்வரை அளந்து வையுங்கோ. நாற்காலியின்ர அகலத்தையும் தம்பி அதில இருக்கேக்க, கை ரெண்டும் சில்லில இருக்கிற மாதிரி வைச்சு அளவுங்கோ.