வளர்த்த நாய்க்கு மோட்சத்துல இடம் உண்டுங்களா?

கோபி பக்கம் தோட்டத்து வீட்டு நாய் செத்துப்போச்சுங்க. ஞாயிறு வகுப்புக்கு வர்ற பையன், "அது இயேசப்பாகிட்ட போயிருக்குமா?"ன்னு கேக்கிறான். வேதப்படி என்ன சொல்றதுங்க?

பதில் 1
"போயிருச்சு"ன்னும் சொல்லாதீங்க, "போகாது"ன்னும் சொல்லாதீங்க; வேதம் ரெண்டையும் நேராச் சொல்லலை. பிரசங்கி 3:21 மிருகத்தோட ஆவியை "அறிகிறவன் யார்?"னு கேள்வியாத்தான் விடுது.

நம்ம மொழிபெயர்ப்பே ஒரு எடத்துல குழப்புதுங்க. ஆதியாகமம் 2:7ல மனுஷன் "ஜீவாத்துமா". 1:24ல மிருகங்கள் "ஜீவஜந்துக்கள்". எபிரேயத்துல ரெண்டும் ஒரே சொல்தான்: நெபெஷ் ஹய்யா. அதனால "மிருகத்துக்கு ஆத்துமாவே கிடையாது"ன்னு இந்த வசனத்தை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தேவசாயல் மனுஷனுக்கு மட்டும்தான் (1:27).

பதில் 2
ரோமர் 8:21ஐப் பையனோட சேர்ந்து வாசிங்க. சிருஷ்டி முழுசும் அழிவிலிருந்து விடுதலையாகும்னு இருக்கு. அந்த நாயே திரும்ப வரும்னு அதுல இல்லை. கத்தோலிக்கத்துல பழைய இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ், மிருக ஆத்துமா உடலோடவே முடியும்னார். மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1781ல மிருகங்களுக்கும் மீட்பு உண்டுன்னு பிரசங்கமே எழுதினார். நான் வெஸ்லி பக்கம்.

பதில் 3
இன்னும் பொதைக்கலைன்னா நாலடி ஆழம் தோண்டுங்க. கெணத்துக்குப் பக்கம் வேண்டாம். நம்மூர்ல ரெண்டடியிலேயே பாறை வந்துரும். அப்படியே மூடினா தெருநாய் கிளறிப்போடும், எடம் மாத்துங்க. பிளாஸ்டிக் சாக்கு மக்காது, பழைய பருத்தி வேட்டி போதும். பையனையும் ஒரு கை மண்ணு போடச் சொல்லுங்க. "இதைக் குடுத்ததுக்கு நன்றி ஆண்டவரே"ன்னு ஒரு ஜெபம் பண்ணலாம், தப்பில்லீங்க.